அழித்து அழித்து வரைந்த பறவை: ஒரு பொதுச்சுவர் அசைவோவியத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தெருவோரப் பொதுச்சுவர் ஒன்றில் 21 நாள்களில் நான்கு பேர் சேர்ந்து செய்த அசைவோவிய வேலையின் பதிவு இது. நால்வரில் நான் ஒருவன். கேமராவும் நாள்கணக்கும் என் பொறுப்பு. ஓவியர்கள் இருவர். நான்காமவர் ரோலரும் கையுமாக அழிக்கும் வேலையைப் பார்த்தார். சம்பந்தப்பட்டவர்களின் பெயரும் ஊரும் இதில் வராது.

சுவரில் ஒரு படம் வரைந்து, புகைப்படம் எடுத்து, அதை அழித்துவிட்டு, சற்றே நகர்ந்த அடுத்த நிலையை வரைவது. புகைப்படங்களை வரிசையாக ஓட்டினால் சுவரோவியம் நடக்கும், பறக்கும். உத்தி புதிதல்ல. அமெரிக்கத் திரைப்பட முன்னோடி ஜே. ஸ்டூவர்ட் பிளாக்டன் 1906இலேயே கரும்பலகையில் முகங்களை வரைந்து அழித்து அசைய வைத்துவிட்டார். தெருச்சுவருக்கு இதைக் கொண்டுவந்து பரவலாகத் தெரியவைத்தவர்களில் முக்கியமானவர் 'ப்ளூ' என்ற பெயரில் வரையும் இத்தாலிய ஓவியர். பூனோஸ் அயர்ஸ், பாடன் நகரச் சுவர்களில் அவர் வரைந்து 2008இல் வெளியிட்ட 'மூட்டோ' படத்தைப் பார்த்த பிறகுதான் எங்களில் இரண்டு பேருக்கு இந்த ஆசையே வந்தது. இன்சா என்ற ஓவியர் வேறு வழியில் போகிறார். முழுச் சுவரையும் சில முறை மட்டும் திரும்ப வரைந்து, அந்தச் சில படங்களை ஓயாத சுழற்சியாக, அதாவது ஜிஃப் ஆக ஓடவிடுவார். முதல் வழியில் படம் நீளும், உழைப்பும் நீளும். இரண்டாவதில் படங்கள் குறைவு. ஆனால் ஒவ்வொரு படமும் ஒரு முழுச் சுவரோவியம்.

எங்களுக்கு இரண்டும் வேண்டும் என்று ஆசை. படம் நீளமாகவும் இருக்க வேண்டும், முடிவு தொடக்கத்தோடு ஒட்டிச் சுழலவும் வேண்டும். பிரச்சினை இங்கேதான் விதைக்கப்பட்டது. அப்போது யாருக்கும் தெரியவில்லை.

திட்டம்

சுவர் 22 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பழைய விரிசல். கதையை அதிலிருந்தே எடுத்தோம். விரிசலிலிருந்து ஒரு நூல் வெளியே வருகிறது, தானாகச் சுருண்டு பறவை ஆகிறது, சற்று நேரம் உட்கார்ந்து சுற்றும்முற்றும் பார்க்கிறது, சுவரின் மறுகோடி வரை பறந்து திரும்புகிறது, மறுபடி நூலாகி விரிசலுக்குள் போய்விடுகிறது. கடைசி ஃப்ரேமும் முதல் ஃப்ரேமும் ஒன்றே: விரிசல் விழுந்த வெற்றுச் சுவர்.

வினாடிக்கு 12 படம் என்ற கணக்கில் 40 வினாடிக்கு 480 படங்கள். 21 நாளுக்கு அனுமதி. ஒரு நாளைக்கு 23 படம் போதும், முடித்துவிடலாம் என்று தாளில் போட்டுப் பார்த்தோம். அனுமதி விண்ணப்பத்தில் 'வேலையின் தன்மை' என்ற கட்டத்தில் 'சுவரோவியம்' என்று எழுதினோம். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்பது உண்மை. அந்த ஒரு சொல்லை யாரும் இரண்டாவது முறை யோசிக்கவில்லை.

முதல் நான்கு நாள்

நான்கு நாளில் வந்தது 52 படங்கள். நாளைக்கு 13. இந்த வேகத்தில் 480 படத்துக்கு 37 நாள் ஆகும். வரைவதற்கு நேரம் போகவில்லை, அழிப்பதற்குத்தான் போனது. கறுப்புக் கோட்டின் மேல் வெள்ளை எமல்ஷன் பெயின்ட் ஒரு கை அடித்தால் கோடு சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்த்தது. இரண்டாம் கை அடிக்க, முதல் கை காய வேண்டும். காயாமல் அடித்தால் கறுப்பும் கரைந்து வந்து ரோலரெல்லாம் அழுக்கு.

இரண்டாவது தவறு என்னுடையது. நான்காம் நாள் இரவு 52 படங்களையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். நூல் அழகாகத்தான் வந்தது. ஆனால் சுவர் முழுக்க ஒரு நிழல் இடமிருந்து வலமாகச் சர்ரென்று ஓடியது, மறைந்தது, மறுபடி ஓடியது. வினாடிக்கு ஒரு தடவை. எதிர்ப்பக்க மரத்தின் நிழல் அது. ஒரு நாளில் 13 படம், வினாடிக்கு 12 படம். ஆக ஒரு நாள் வெயிலின் முழுப் பயணமும் ஏறக்குறைய ஒரு வினாடிக்குள் அடங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் நகரும் நிழல் திரையில் சாட்டை வீசுகிறது. போதாக்குறைக்கு எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) மேனுவலில் பூட்டிய நான் வைட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பக் கேமரா செய்யும் நிறச் சரிக்கட்டலை) தானியங்கியிலேயே விட்டிருந்தேன். காலைப் படம் நீலம், மாலைப் படம் மஞ்சள்.

டிரைபாட் விஷயத்தில் மட்டும் தப்பித்தோம். கால்கள் நிற்கும் இடத்தைத் தரையில் பெயின்டால் குறித்திருந்தோம். சுவரில் ஒரு ஆணி, தண்ணீர்க் குழாயின் விளிம்பு, உடைந்த செங்கல் மூலை என்று மூன்று புள்ளிகளை வைத்துக்கொண்டு, முந்தைய படத்தை லேப்டாப்பில் மங்கலாக மேலே போட்டுத் தினமும் கேமராவைப் பொருத்தினோம். மூன்றாம் நாள் யாரோ இடித்துவிட்டுப் போனபோதுகூட ஐந்து நிமிடத்தில் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடிந்தது. பழைய சுவர் என்பதால் இந்த மாதிரி அடையாளங்களுக்குப் பஞ்சமே இல்லை. புதுச் சுவராக இருந்திருந்தால் திண்டாடியிருப்போம்.

வேலைமுறையை மாற்றியது

ஐந்தாம் நாள் ஒரு படம்கூட வரையவில்லை, உட்கார்ந்து பேசினோம். எடுத்த முடிவுகள் மூன்று.

வெள்ளையில் துளி கறுப்பு கலந்தோம். சாம்பல் சாயல் ஏறிய வெள்ளைக்கு மறைக்கும் சக்தி அதிகம் என்பது பெயின்ட் அடிப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி, எங்களுக்குத்தான் தெரியவில்லை. சுவரும் அழுக்கேறிய வெள்ளை என்பதால் நிறமும் முன்னைவிட நன்றாகப் பொருந்தியது. பெரும்பாலான இடங்களில் ஒரு கையோடு வேலை முடிந்தது. அழுத்தமான கறுப்பு விழுந்த இடங்களுக்கு மட்டும் இரண்டு.

படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தோம். நூல் சுருளும் 12 வினாடிக்கு வினாடிக்கு 12 படம் அப்படியே இருக்கட்டும், மெல்லிய அசைவு அதில் கெட்டால் தெரிந்துவிடும். பறப்பதற்கு 8 போதும். சிறகடிப்பு சற்று வெட்டி வெட்டி வந்தாலும் கண் பொறுத்துக்கொள்ளும். பறவை உட்கார்ந்திருக்கும் 6 வினாடிக்குத் தலை திரும்புவதும் கண் சிமிட்டுவதுமாக 18 படம். நூல் 144, உட்காருவது 18, பறப்பது 112, விரிசலுக்குள் திரும்புவது 32. மொத்தம் 306. மீதமிருந்த 254 படத்துக்கு நாளைக்கு 16 வந்தால் போதும்.

மூன்றாவது, வெளிச்சம். இதில் சண்டையே வந்தது. மூத்த ஓவியர் நிழல் ஓடுவதை மாற்ற வேண்டாம் என்றார். "தெருவுல வரையிறோம், வெயில் வரத்தான் செய்யும். அத மறைச்சா ஸ்டுடியோவுல வரைஞ்ச மாதிரி ஆகிடும்" என்பது அவர் வாதம். எனக்கு மறுப்பதற்குச் சரியான பதில் இல்லை. ஆனால் அந்த நிழல் நூலைவிடப் பெரிதாக, நூலைவிட வேகமாக இருந்தது. பார்ப்பவர் கண் அதன் பின்னால்தான் போகும். சுவர் கிழக்குப் பார்த்தது. நண்பகலுக்குப் பிறகு முழுக்க நிழலில் இருக்கும். எனவே காலையில் கலவை, அளவு, மாதிரிக்கோடு. பிற்பகலில் மட்டும் படம் என்று வைத்துக்கொண்டோம். ஏற்கெனவே எடுத்த 52 படத்தை அப்படியே விட்டோம். முதல் நான்கு வினாடி வெயில் அடித்துவிட்டு அப்புறம் அமைதியாகிறது படம். அது திட்டமிட்ட அழகு என்று பின்னால் சிலர் பாராட்டியபோது நாங்கள் மறுக்கவில்லை.

நிழலில் பெயின்ட் காய நேரம் எடுக்கும் என்ற பயம் இருந்தது. எடுத்தது. ஆனால் நேர் வெயில் படாததால் ஈரப் பளபளப்பு கேமராவில் அடிக்கவில்லை. ஈரமான எமல்ஷன் சற்று வெளிறித் தெரிந்து, காய்ந்த பிறகு ஒரு சாயல் அடர்கிறது. அதனால் பறவைக்குப் பின்னால் மூச்சுவிட்டது போல ஒரு வெளிறிய தடம் வந்து மெல்ல மறைந்தது. அதை அப்படியே விட்டோம்.

ஆறாம் நாளிலிருந்து சராசரி 16 படம்.

பறவை உட்கார்ந்த இடம்

பதினோராம் நாள் மாலை நூல் முழுப் பறவை ஆகிவிட்டது. உட்காரும் பகுதியில் முதல் நான்கு படம் அன்றே முடிந்தது. பன்னிரண்டாம் நாள் மீதி 14. இந்தப் பகுதியில் உடம்பு அசையாது, தலை மட்டும்தான் மாறும். ஆகவே ஆளுயரத்துக்கு மேலான ஒரு பறவை இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் சுவரில் நின்றது.

அதுவரை தெருவில் எங்களை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஏதோ கோடு போடுகிறார்கள், வெள்ளை அடிக்கிறார்கள் என்று போய்க்கொண்டிருந்தார்கள். பறவை நின்றதும் எல்லாம் மாறியது. பிள்ளைகள் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, நீட்டிய கை சிறகு நுனியைத் தொடுகிறதா என்று அளந்தார்கள். வண்டியை நிறுத்திப் படம் எடுத்தவர்கள் உண்டு. எங்கள் டிரைபாட் அப்போது எதிர்வீட்டு வாசற்படியை ஒட்டி நின்றது. அந்த வீட்டுப் பாட்டி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறை தலையை அழித்து வரையும்போதும் "இப்ப எந்தப் பக்கம் பாக்குது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பார்வை மங்கலாம். பறவையின் உடல் தெரியும், கண் தெரியாது.

பதின்மூன்றாம் நாள் பிற்பகல், பறக்கும் பகுதியைத் தொடங்குவதற்காகப் பறவையை மேலிருந்து கீழாக ரோலரால் அழித்தோம்.

பாட்டி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "நல்லாத்தானே தம்பி இருந்துச்சு, ஏன் அழிச்சீங்க?"

"பாட்டி, அது பறக்கப் போகுது. இத அழிச்சாத்தான் அடுத்தத வரைய முடியும்."

"பறக்கட்டும். இதையும் வெச்சுக்கிட்டுப் பறக்க முடியாதா?"

பதில் சொல்லாமல் வேலையைத் தொடர்ந்தோம். அன்று பறப்பதில் 12 படம் முடிந்தது.

நிறுத்தம்

மறுநாள் காலை அனுமதி கொடுத்த அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். சுவரைப் பாழாக்குகிறார்கள் என்று புகார் போயிருக்கிறது. யார் கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் நின்ற நேரத்தில் சுவரில் இருந்தது: திட்டுத்திட்டாக வெள்ளைப் பூச்சு, ஓரத்தில் ஒரு பறவையின் பாதி உடல். கையிலிருந்த அனுமதித் தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "ஓவியம் எங்க சார்?" என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை. தாளில் ஓவியம் என்று இருந்தது, சுவரில் இல்லை, அவ்வளவுதான். ஓவியம் கேமராவில் இருக்கிறது என்று சொன்னோம். சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தமாக ஒலிக்கிறது என்று புரிந்தது. முடிவில் சுவரில் என்ன இருக்கும் என்பதை எழுதிக் கொடுங்கள், அதுவரை வேலை நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அன்று மாலை தெருவாசிகளுக்கு அதுவரை எடுத்ததை லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினோம். சுமார் 19 வினாடி. பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். இப்போது எல்லோருக்கும் புரிந்துவிடும், ஆதரவு கிடைத்துவிடும் என்று நினைத்தேன். புரியவும் செய்தது. பாட்டி திரைக்கு மிக அருகே முகத்தை வைத்து இரண்டு முறை பார்த்தார். "நல்லா ஓடுது. ஆனா அது செவுத்துல இல்லியே" என்றார்.

பதினைந்தாம் நாள் முழுக்க விவாதம். திட்டப்படி சுழற்சியை முடித்தால் தெருவுக்கு மிஞ்சுவது திட்டு விழுந்த வெற்றுச் சுவர். நாங்கள் வருவதற்கு முன் இருந்ததைவிட அசிங்கமான சுவர். சுழற்சியை முடித்துவிட்டு, கடைசியில் தனியாக ஒரு பறவையை வரைந்து கொடுத்துவிடலாம் என்றார் இளைய ஓவியர். மூத்தவர் ஏற்கவில்லை. படத்தில் இல்லாத பறவை படத்துக்குச் சம்பந்தமில்லாதது, வாயடைக்கக் கொடுக்கிற பொருளாகிவிடும் என்றார். அதில் எனக்கும் உடன்பாடுதான். நாள்கணக்கையும் பார்த்தோம். மிச்சம் ஆறு நாள், நாளைக்கு 16 என்றால் 96 படம். பறப்பதில் மீதி 100, திரும்புவதற்கு 32. இரண்டு நாள் வீணானதில் சுழற்சிக்கு நேரமும் போய்விட்டிருந்தது. கொள்கைக்காக மட்டுமே முடிவை மாற்றினோம் என்று சொன்னால் பொய்.

முடிவு மாறியது இப்படி: பறவை கொஞ்ச தூரம் போனதும் திரும்பி வந்து, விரிசலிலிருந்து தொங்கும் நூலின் நுனியைக் கொத்திக்கொள்கிறது. அதற்கு 9 படங்கள். அதன்பின் பறக்கப் பறக்க நூல் பின்னால் நீள்கிறது. நூலை அழிப்பதில்லை. மறுகோடியில் போய் உட்காருகிறது, அங்கேயே நிற்கிறது. கடைசி ஃப்ரேமில் விரிசலிலிருந்து பறவையின் அலகு வரை 22 மீட்டரும் ஒரே கோடு. வெள்ளைத் திட்டுகளின் நடுவே அந்தக் கோடு போவதால், அந்தத் திட்டுகள் பறந்துவந்த தடம் போலவே தெரிந்தன. இதை ஒரு தாளில் வரைந்து அலுவலகத்தில் கொடுத்தோம். அடுத்த நாளே வேலை தொடங்கியது.

விளைவு

இருபத்தோராம் நாள் மாலை முடித்தோம். 270 படங்கள், 31 வினாடி சொச்சம். படமாகப் பார்த்தால் பழைய முடிவுதான் மேல் என்று இன்றும் நினைக்கிறேன். நூல் விரிசலுக்குள் போய் மறைவதில் ஒரு வியப்பு இருந்தது. பறவை ஓரத்தில் போய் உட்காருவதில் அது இல்லை. சுவராகப் பார்த்தால் புது முடிவில் குறை சொல்ல முடியாது.

ஒன்றைக் கவனிக்கத் தவறினோம். பறவை போய் உட்கார்ந்தது மறுகோடியில், வேறொரு வீட்டின் எதிரே. பாட்டியின் வாசலுக்கு எதிரே மிஞ்சியது ஒரு கோடும் வெள்ளைத் திட்டும்தான்.

ஏழு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தோம். இடையில் நல்ல மழை. பறவை சேதமில்லாமல் நின்றது. முதலில் அது உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் பூச்சு உரிந்து செங்கல் தெரிந்தது. பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்காத பழைய சுவர், அதன்மேல் தலை இருந்த இடத்தில் 18 முறை வரைந்து அழித்த பூச்சு. அந்தக் கனத்தைப் பழைய மேற்பரப்பு தாங்கவில்லை. ஈரம் உள்ளே போனதும் மொத்தமாகப் பிடியை விட்டிருக்கிறது. உரிந்து விழுந்த ஒரு சில்லைப் பாட்டி எடுத்து வைத்திருந்தார். உள்ளங்கை அகலம், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிப்பு. விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று மயிரிழை வரிகள். பறவை திரும்பிப் பார்த்த பார்வைகள் எல்லாம் அதற்குள் அடுக்கடுக்காக இருந்தன. படத்தில் ஆறு வினாடி.

மாற்றிச் செய்யக்கூடியவை

வேலை தொடங்கும் முன் சுவர் முழுக்க ஒரு கை பிரைமர். ஒரு நாள் செலவு, அதற்குமேல் இல்லை. ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து முறைக்கு மேல் அழிக்க வேண்டிய காட்சி இருந்தால் நடுவில் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுத் தொடர்வது. கேமராவில் எதையும் தானியங்கியில் விடாமல், முதல் நாள் இரவே அன்றைய படங்களை ஓட்டிப் பார்ப்பது. நான்கு நாள் கழித்துப் பார்த்ததற்கு என்னிடம் சமாதானம் கிடையாது.

விண்ணப்பத்தில் இரண்டு வரி எழுதுவோம்: தினமும் வரைந்து அழிப்போம் என்பது ஒன்று, கடைசியில் சுவரில் நிற்கப்போவது இது என்று ஒரு படம். அந்தப் படத்தை அலுவலகத்துக்குக் காட்டும் முன் எதிர்வீடுகளுக்குக் காட்டுவது. கதையை யோசிக்கும்போதே கடைசி ஃப்ரேமிலிருந்து பின்னோக்கி யோசிப்பது என்று இளைய ஓவியர் சொல்கிறார். மூத்தவர் இதற்கு இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. சுழற்சியாக ஓடும் படத்துக்குக் கடைசி ஃப்ரேம் என்று ஒன்றே கிடையாது என்கிறார் அவர்.

உரிந்த இடத்தைச் சுரண்டிப் பட்டி பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். சுவர் நன்றாகக் காய வேண்டும், அதற்காகக் காத்திருக்கிறோம். அங்கே என்ன வரைவது என்பதைப் பாட்டியிடம் விட்டிருக்கிறோம். பெரிய கண்ணாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லியிருக்கிறார்.